ஆமையின் இதயம்

தங்களுக்குப் பிறகு ஆமையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கோமளாவுக்கும் நவநீதனுக்கும் இருந்த ஒரே கவலை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அது செம்பருத்திப் பூ தின்று வளர்ந்தது. கோமளாவின் அக்கா மகள் பிறகு வளர்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் ஆமைக்குத்தான் முதலில் சிறுநீரகம் பழுதானது. கோமளா தினமும் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்தாள். நவநீதன் அதற்கு ஊசியில் மருந்து ஏற்றினார். கால்கள் வீங்கி அது தலையைக்கூடத் தூக்க முடியாமல் போன அன்று, இனி அது வலிபட வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்து கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்.

கடைசி ஊசி போட்டு வெகுநேரம் கழித்து, "போயிடுச்சும்மா, இனி வலி இல்ல," என்றார் டாக்டர். பிறகு தயங்கி, "ஆமைங்களுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகும் இதயம் மட்டும் பல மணி நேரம் துடிக்கும். பயந்துடாதீங்க," என்றார்.

கோமளா அதைக் கேட்க வேண்டும் என்றாள். டாக்டர் ஒரு கருவியை ஆமையின் கழுத்தோரம் வைத்து, அதன் குழாயை அவள் காதில் மாட்டினார். தூரத்தில் யாரோ வாசல் பெருக்குவதுபோல் சத்தம் வந்தது.

"வீட்டுல குழி வெட்டச் சொல்லிட்டு வந்தோமே கோமு, கிளம்பலாமா?"

"துடிக்கிறத எப்படிங்க மண்ணுல வைக்கிறது?"

அவள் ஆமையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். நவநீதன் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம், "துடிக்குது," என்றார். வெயில் இறங்கிய பிறகும் அதையே சொன்னார்.