மூப்பரின் மணி

ஓர் ஆட்டுமந்தையில் சபை மூப்பராக இருந்த கிடா செத்துப்போனது. அதன் கழுத்து மணியை இனி யாருக்குக் கட்டுவது என்று சபை கூடியது. அதற்கு ஆசைப்பட்ட சுருள்கொம்பன் என்ற கிடா எழுந்து, தான் நரியை விரட்டிய கதையைக் கணீரென்று சொன்னான். எல்லாரும் சொக்கிப்போனார்கள்.

வெள்ளச்சி என்ற பெட்டையாடு மட்டும் அவன் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்து, "அப்பா பட்டிக்குள்ள வந்ததும் நீங்க என்ன செய்வீங்க, கண்ணு?" என்று கேட்டாள்.

"மூலையில ஒதுங்கிடுவோம். குறுக்க நின்னா முட்டுவாரு," என்றது குட்டி.

சுருள்கொம்பனின் முகம் சுண்டிப்போனது. "மணியை வேற யாருக்காவது கட்டுங்க," என்று சொல்லிவிட்டு மகளோடு நடந்தான்.

பட்டி வாசலில் நின்று மெல்லக் கேட்டான்: "அப்பா முட்டினா ரொம்ப வலிக்குமாம்மா?"

"எனக்குப் பரவாயில்லப்பா," என்றது குட்டி. "அம்மாவாலதான் இன்னும் நீங்க முட்டின பக்கமாப் படுக்க முடியல."