அத்தையும் தொண்ணூறு நொடியும்

“மணி அடிச்சதும் பையைத் தேடக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது. எழுந்து நேரா கதவுக்கு ஓடணும். புரியுதா அத்தை?”

“ஓடணுமா? பஸ்ஸுல இருந்தே கடைசி ஆளா இறங்குறவ நான். இடிச்சுப் பிடிச்சு இறங்கி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறோம் மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை கொட்டகைக் கதவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அத்தையின் நிதானம் குடும்பத்திலேயே பிரசித்தம். ரயில் நின்ற பிறகுதான் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், உறையில் போடுவார், அப்புறம்தான் எழுந்திருப்பதைப் பற்றி யோசிப்பார். இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பவே ஒன்றேகால் மணி நேரம் ஆக்கியவர்.

ஆனால் வேறு வழியில்லை. கொட்டகைக்குள் நின்றது மாப்பிள்ளையின் ஆறு வருட உழைப்பு. இறக்கை இல்லை, என்ஜின் இல்லை. பயணிகள் உட்காரும் கூடு மட்டும், நிஜ அளவில். பஸ்ஸில் போகிறவர்களும் ஏறிப் பறக்கிற மாதிரி ஒரு மலிவு விமானம். அதற்காக எடையை கிராம் கிராமாகக் குறைத்து, நடைபாதையை இரண்டு விரல் ஒடுக்கி, இருக்கைகளை இளைக்க வைத்து, நூற்றிருபது பேருக்கு இடம் பண்ணியிருந்தார்.

இன்று பரீட்சை, ஆபத்து நேரத்தில் பயணிகள் எவ்வளவு வேகமாக வெளியேற முடியும் என்று. விளக்கை அணைத்துவிடுவார்கள், பாதிக் கதவுகள் திறக்காது. நூற்றிருபது பேரும் தொண்ணூறு நொடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். ஒரு நொடி கூடினாலும் இரண்டு வரிசை இருக்கைகளைப் பிடுங்கச் சொல்வார்கள். இருக்கை போனால் டிக்கெட் விலை ஏறும். அப்புறம் அது மலிவு விமானமே இல்லை. முதலாளி திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார்.

உட்காருகிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இத்தனை பேர் என்று விதி உண்டு. அதில் ஒருவர் காய்ச்சல் என்று வராமல் போக, ஓர் ஆள் குறைந்தது. கம்பெனியில் வேலை செய்பவர்களைச் சேர்க்கக் கூடாது. மாமியாரைச் சேர்க்கக் கூடாது என்று மட்டும் விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

“கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, என்னால முடிஞ்சதைச் செய்றேன்,” என்று கைப்பையை அணைத்துக்கொண்டு அத்தை ஏறினார். இரண்டாவது வரிசை, நடைபாதையோரம். அவர் நின்றால் பின்னால் மொத்தக் கூட்டமும் நிற்கும்.

எப்போது மணி அடிக்கும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. பரிசோதனை அதிகாரி வேண்டுமென்றே ஒரு மணி நேரம் காக்க வைத்தார். வெளியே மாப்பிள்ளை நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டார்.

“சார், உங்க மாமியார் தூங்கிடப் போறாங்க,” என்றாள் உதவிப் பொறியாளர்.

“வயித்துல புளியைக் கரைக்காதேம்மா.”

மணி அலறியது. விளக்குகள் அணைந்தன. கதவு திறந்து சறுக்கு விரிந்தது. அதில் முதல் ஆளாகச் சறுக்கி வந்தவரைப் பார்த்த மாப்பிள்ளையால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

அத்தை. கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. பின்னாலேயே திமுதிமுவென்று மற்றவர்கள்.

“அறுபத்தெட்டு நொடி,” என்ற அதிகாரி கடிகாரத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேகத்தைப் பாத்ததில்லை. என்ன மந்திரம் போட்டீங்க?”

“எல்லாம் நடைபாதை அமைப்புதான் சார்.” மாப்பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான். “ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுப் போட்ட கணக்கு.”

அதிகாரி கையெழுத்துப் போட்டார். “ஒண்ணு ஞாபகம் வைங்க. இப்ப இருக்கிற அமைப்புக்குத்தான் அனுமதி. சீட்டு, இடைவெளி, எதை மாத்தினாலும் சோதனை மறுபடி முதல்ல இருந்து.”

“ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டோம் சார். எழுதியே தர்றேன்.”

எழுதியும் கொடுத்தார். கொடுத்த கையோடு அத்தையிடம் ஓடினார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அத்தை, என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. விமானம் பறக்கிற முதல் நாள், முதல் சீட்டு உங்களுக்குத்தான்.”

“ஐயோ, வேணாம் மாப்பிள்ளை. அந்தப் பலகையில ஒரு மணி நேரம் உக்காந்ததுக்கே இடுப்பு கழண்டுபோச்சு. எப்படா மணி அடிக்கும், எப்படா எழுந்து ஓடலாம்னு நூத்திருபது பேரும் தவம் கிடந்தோம்,” என்ற அத்தை, இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “அந்த சீட்டை உங்க அம்மாவுக்குக் குடுங்க.”