அடுத்த நேயர்

மூன்றாவது லைனில் பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் வந்த எண்ணைப் பார்த்து மலர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

“கரையொலி நேயர் நேரம். வணக்கம், யார் பேசறீங்க?”

“சொக்கம்மா. எண்ணூர் பக்கம், குப்பத்துலேர்ந்து பேசறேன். தலைவர் சார் கீறாரா?”

எதிரே உட்கார்ந்திருந்த ஜெபசிங் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கரையொலி மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற வானொலி. ஜெபசிங் அதன் தலைமை நிர்வாகி. மாதத்தில் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, நேயர்கள் கேட்பதற்கு அவரே பதில் சொல்வார். வழக்கமாகப் பாட்டு கேட்பார்கள், வாழ்த்து சொல்வார்கள்.

இந்த மாதம் அப்படி இல்லை. யாரோ தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டு, அவருடைய சம்பளம் பேப்பரில் வந்துவிட்டது. ராயபுரம் டீக்கடைகளில் அதுதான் பேச்சு. விளம்பர வருமானத்தை இவ்வளவு உயர்த்தியவருக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் அதிகாரி சண்முகவேல் மலரிடம் வந்து குனிந்தார்.

“சம்பளம்னு யாராவது ஆரம்பிச்சா கட் பண்ணிடும்மா. லைன் கோளாறுன்னு சொல்லிடு.”

அவர் கையில் ஒப்பந்தப் படிவம் இருந்தது. மலர் ஒன்பது வருடமாகத் தற்காலிக அறிவிப்பாளர். வருடா வருடம் அந்தத் தாளில் அவர் கையெழுத்து விழ வேண்டும்.

லைனில் அந்த அம்மாள் அவசரமில்லாமல் பேசினாள்.

“முன்ன ஏழரைக்கு காத்து சேதி சொல்வீங்க. இப்ப அந்த நேரத்துல நகைக்கடை பாட்டு போடறீங்க. சேதி ஒம்போது மணிக்குப் போயிடுச்சி. ராவுல ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவன் ஒம்போது வரிக்கும் முழிச்சிகினு இருப்பானா சார்? என் புள்ள போன படகு கவுந்துடுச்சி. கூடப் போனவங்க இழுத்துப் போட்டதால உசுரு கீது. இடுப்பு ஒடஞ்சி படுத்துகினு கீறான்.”

மலர் தலை குனிந்துகொண்டாள்.

அன்று மாலை இதே நாற்காலியில் இருந்தவள் அவள்தான். பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கைத் தாள் ஏழு மணிக்கே அவள் கைக்கு வந்துவிட்டது. நகைக்கடை நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். பணம் கொடுத்தவர்களின் நேரத்தில் வேறெதுவும் பேசக் கூடாது என்பது உத்தரவு. அவள் தாளைத் திருப்பி வைத்தாள். கடையின் பெயரை, சொல்லிக் கொடுத்தபடி, சிரித்த குரலில் இரண்டு முறை சொன்னாள்.

எச்சரிக்கையை ஒன்பது மணிக்குப் படித்தாள். நிறுத்தி, தெளிவாக, ஒரு பிழை இல்லாமல்.

ஜெபசிங் கனிவாகப் பேசினார்.

“கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. இப்ப எச்சரிக்கையை செல்போன்லயும் அனுப்பறோம். விளம்பரம் இல்லாம நிலையத்தை நடத்த முடியாது, அதையும் நீங்க புரிஞ்சுக்கணும். ஆனா அவசரம்னா நடுவுல சொல்லியிருக்கலாம். அன்னைக்கு அறிவிப்பாளர் யாருன்னு விசாரிக்கச் சொல்றேன்.”

சண்முகவேல் ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மலரைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காதீங்க சார்.” அந்த அம்மாளின் குரல் இப்போதுதான் முதல்முறையாக உயர்ந்தது. “எழுதிக் குடுத்தத படிக்குது. அது மேல இன்னா தப்பு? நேரத்த வித்தது நீங்க. பேப்பர்ல போட்டுகீதே, உங்க சம்பளம்...”

மலரின் விரல் பொத்தானை அழுத்தியிருந்தது.

சண்முகவேல் இன்னும் கையைக்கூடத் தூக்கவில்லை.

“மன்னிக்கணும். லைன்ல ஏதோ கோளாறு. அடுத்த நேயர் யாருன்னு பார்ப்போம்.”

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று அவளுக்கே தோன்றியது.

அடுத்த நேயர் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு கேட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜெபசிங் மலரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். யார் அந்த அறிவிப்பாளர் என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. சண்முகவேல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்தார். அவள் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு குறி.

மலர் கையெழுத்துப் போட்டாள்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது கைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்துக் காதில் வைத்தாள்.

“மலரு, அம்மாதான்.” எதிர்முனையில் பவுனம்மாள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். “பேர மாத்திதான் சொன்னேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீ கட் பண்ணதும் நல்லதாப் போச்சி, நான் பாட்டுக்குப் பேசிகினே போயிட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?”

பின்னால் கட்டிலிலிருந்து அண்ணன் அர்ஜுன் தண்ணீர் கேட்பது கேட்டது.

“ஒண்ணும் ஆவலம்மா” என்றாள் மலர்.