புகார்ப் புத்தகம்

"சிஸ்டர், நாங்க வந்து ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. எனக்குப் பின்னாடி வந்த நாலு பேரு உள்ள போயிட்டாங்க. நான் என்ன இங்க சினிமா பாக்கவா வந்திருக்கேன்?"

அவசர சிகிச்சைப் பிரிவின் முன்மேசையில் இருந்த நர்ஸ், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை மட்டும் தூக்கினாள்.

"அவங்களுக்கு மூச்சு விடவே முடியல. உங்களுக்குத்தான் இவ்வளவு பேச முடியுதே! அது இருக்கட்டும், இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்! கிழமைகூடத் தெரியாமத்தான் வைத்தியம் பாக்குறீங்களா?"

"தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு, தாளில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அவர் ஏ.சி. மெக்கானிக். காலையில் ஓர் ஆபீசில் ஏணி சறுக்கி, பின்மண்டை தரையில் மோத விழுந்தார். எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. ரத்தம் இல்லை. 'ஒண்ணுமில்ல' என்று மறுபடி ஏணியில் ஏறப் போனவரை, கூட வேலை செய்தவர்கள் பிடித்து வைத்து, அவர் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

கேட்டதுமே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவளுடைய அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து, இதே 'ஒண்ணுமில்ல'யைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. பெயர் பதியும்போது நர்ஸிடம் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸோ, அவரைத் தன் மேசைக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார வைத்ததோடு சரி.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் எழுந்து வந்து, ஒரு சின்ன டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே அடித்தாள்.

"என்னங்க இது!"

"பேட்டரி தீந்துபோச்சோன்னு பாத்தேன். நல்லாத்தான் எரியுது."

"அதுக்கு என் கண்ணுதான் கெடைச்சுதா?"

அரை மணி நேரம் கழித்து அடுத்த கூத்து.

"அண்ணே, நீங்க மெக்கானிக்தானே? இந்த டிராயர் இறுகிப்போச்சு. கொஞ்சம் இழுத்து விடுங்களேன்."

வலது கையால் இழுத்தார். திறந்துகொண்டது. நர்ஸ் அதைத் தள்ளி மூடினாள்.

"இடது கையால ஒரு தடவை?"

"எந்தக் கை இழுக்குதுன்னு டிராயருக்குத் தெரியுமா சிஸ்டர்?" என்று அதையும் இழுத்துக் கொடுத்துவிட்டு, மனைவியிடம் பொரிந்தார். "வைத்தியம் பாக்க வந்தவன்கிட்டயே வேலை வாங்குறாங்க பாரு! எழுந்திரு, போலாம். பாதி பிரிச்ச ஏ.சி. அங்க தொங்குது."

அவள் முகம் வெளுத்தது. "என்னங்க, எங்க அண்ணன்..."

"உங்க அண்ணன் கதைய ஆரம்பிக்காத!"

அவர் வாசல் வரை போய்விட்டார். நர்ஸ் சத்தமாகச் சொன்னாள்:

"போகட்டும் விடுங்கம்மா. இவர மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! எல்லாம் வாய்ச்சவடால்தான். எழுத்துல புகார் கொடுக்க ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது."

மெக்கானிக் திரும்பினார். வந்த வேகத்தில் மேசையே ஆடியது.

"யாரைப் பாத்து என்ன சொல்றீங்க? கொண்டாங்க புகார்ப் புத்தகத்தை!"

"தர்றேன். ஆனா பெரிய டாக்டர் ரெண்டு மணிக்குத்தான் வருவார். எழுதினவர் நேர்ல இருந்து கொடுக்கணும். அதான் இங்க சட்டம். உங்களால அதுவரைக்கும் இருக்க முடியாதுண்ணே."

"நானா? நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் இருப்பேன்!"

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மூக்குக்கு மேல் கோபம். டார்ச், டிராயர், ஒன்றையும் விடவில்லை. ஒன்றரை மணிக்கு நர்ஸ், "மூலையில தண்ணி கேன் இருக்கு. அப்படியே எனக்கும் ஒரு டம்ளர்" என்றபோது, நேராக நடந்து போய், ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தார்.

"இதையும் எழுதுறேன்" என்றார். எழுதினார்.

மனைவி வாயில்லாப் பூச்சியாகச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். புகாரை வாங்கி, அடி முதல் நுனி வரை படித்தார். ஒரு முழுப் பக்கம். பிறகு மெக்கானிக்கின் பின்மண்டையைத் தடவிப் பார்த்து, கழுத்தைத் திருப்பச் சொல்லி, தட்டிக் கொடுத்தார்.

"பிரமாதம். நீங்க வீட்டுக்குப் போலாம்."

"என்ன சார் பிரமாதம்? நாலு மணி நேரமா என்னை ஒருத்தரும் பாக்கல!"

"தலையில அடிபட்டா நாலு மணி நேரம் கண்ணு முன்னாடியே வச்சிருக்கணும். யார் பாத்தாங்கன்னு நீங்களே படிங்க" என்று நர்ஸின் தாளை எடுத்து நீட்டினார் டாக்டர்.

'11.30: கிழமை சரியாகச் சொன்னார். பேச்சு தெளிவு. 12.00: டார்ச். இரண்டு கண்ணும் சரி. 12.30: டிராயர். இரண்டு கைக்கும் ஒரே பலம். 1.00: கோபமாக எழுதுகிறார். கை நடுங்கவில்லை. 1.30: தண்ணீர். நடையில் தள்ளாட்டம் இல்லை. 2.00: புகார் ஒரு பக்கம். நடந்தது ஒன்றுகூட மறக்கவில்லை.'

மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப ரெண்டு மணிக்குத்தான் வருவீங்கன்னு சொன்னது?"

"நான் காலைல ஏழு மணியிலேர்ந்து உள்ளதானே இருக்கேன்!" என்றார் டாக்டர்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே பேசாம உக்காந்திருப்பேனே, சிஸ்டர்?"

நர்ஸ், அவர் படிக்காமல் தாண்டிப்போன தாளின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

'10.00: மனைவி சொன்னது: "உக்காரச் சொன்னா ஓடிருவார் சிஸ்டர். சண்டைக்கு இழுங்க, நாள் பூரா நகர மாட்டார்."'