ஆறு மணிக் கணக்கு

"உங்க பொண்ணு கணக்குல பொய் எழுதுறா."

டீச்சர் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி வந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"கணக்குல எப்படி டீச்சர் பொய் எழுத முடியும்? தப்பு வேணா எழுதலாம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இதைப் பாருங்க."

நோட்டைத் திருப்பி வைத்தாள் டீச்சர். மணி பார்க்கும் பாடம். ரப்பர் ஸ்டாம்பில் குத்திய கடிகார வட்டங்கள். முள்ளைப் பிள்ளைகள் வரைய வேண்டும். எழுந்திருக்கும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம் எல்லாம் சரி. கடைசிக் கணக்கில்தான் சிவப்புப் பேனா புகுந்து விளையாடியிருந்தது.

அம்மாவுக்கு வேலை முடிவது: 5.30. வீட்டுக்கு வர ஆகும் நேரம்: 1 மணி நேரம். அம்மா வீட்டுக்கு வருவது: 6.00.

"அஞ்சரையோட ஒரு மணி நேரம் கூட்டினா எவ்வளவுன்னு வாயால கேட்டா, ஆறரைன்னு டக்குனு சொல்றா. எழுதச் சொன்னா ஆறு. மூணு தடவை அழிச்சு எழுத வெச்சேன். மூணு தடவையும் ஆறு. அதட்டினா, 'எங்கம்மா ஆறு மணிக்குத்தான் வருவாங்க'ன்னு ஒரே அழுகை."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நாற்பத்தைந்து பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள். பாவம், அவளும் மனுஷிதானே.

"நிஜமா நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஆறரை... ஆறே முக்கால்கூட ஆயிடும் டீச்சர்."

"வீட்ல யாராவது பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுங்கம்மா. பொய் பழகிட்டா அப்புறம் திருத்துறது கஷ்டம்."

யார் உட்காருவது? வீட்டுக்காரர் லாரியோடு கிளம்பினால் பத்து நாள். வீட்டில் இருப்பது மாமனார் ஒருத்தர்தான்.

அவரை நினைத்ததுமே வயிறு எரிந்தது. மில்லில் முப்பத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்த மனுஷன். ஒரு நிமிஷம் பிந்தி வந்தாலும் அரை நாள் ஆப்சென்ட் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாராம். ஊரே அவருக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. ரிடையர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. அவள் வேலை முடிந்து வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் கூடத்துக் கடிகாரத்துக்கு நேர் கீழே நிற்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த நிற்பு ஒன்று போதாதா?

தப்பு அவள் பேரிலும் இருந்தது. தூரத்துக் கட்டடத்துக்கு மாற்றல் வந்த அன்றைக்கு, "ஆறு மணிக்கு டாண்ணு வந்துடுவேன்டா செல்லம்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் அவள்தான். முதல் வாரம் பூராவும் பிள்ளை ஆறு மணியிலிருந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுது, தொண்டை கட்டி, காய்ச்சலே வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் அழுகை தானாக நின்றுபோனது. பழகிவிட்டது என்று அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

இப்போது பார்த்தால் அது பொய்யாகக் கிளம்பியிருக்கிறது. வேலையை விட்டுத் தொலைத்துவிடலாமா? விட்டால் எப்படிச் சமாளிப்பது? போர்வைகளைத் தேய்த்து மடிக்கிற நேரமெல்லாம் இதே யோசனை.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். இறங்கும்போது யாரோ மிதித்துச் செருப்பு வார் வேறு அறுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தாள்.

கடிகாரத்துக்கு நேர் கீழே மாமனார்.

அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது.

"நல்லாப் பார்த்துக்குங்க மாமா. இன்னைக்கு ஆறே முக்கால். அரை நாள் ஆப்சென்ட் போட்டுடுங்க. நீங்க இங்க நின்னு என் நிமிஷத்தை எண்ணிட்டிருங்க. அங்க உங்க பேத்தி என்னைக் காப்பாத்த நோட்டுல பொய் எழுதிட்டிருக்கா!"

கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஸ்... மெதுவாம்மா. செருப்புச் சத்தமே கேக்கலையே..."

அதற்குள் உள்ளறையிலிருந்து மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்படியே கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஹை! ஆறு மணிகூட ஆகல, அதுக்குள்ள வந்துட்டியே! எங்க டீச்சர்தாம்மா நம்பவே மாட்டேங்கிறாங்க. இரு, நோட்டை எடுத்துட்டு வரேன்."

பிள்ளை உள்ளே ஓடியது.

அவளும் அண்ணாந்து பார்த்தாள். வேலை விட்டு வந்தால் நேரே அடுப்படிக்குப் போகிறவள். இந்த நேரத்தில் அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மணி ஆறாக ஒரு நிமிஷம் இருந்தது. முள் அசையவில்லை.

மாமனார், பிடிபட்டவர் மாதிரி, மூடியிருந்த கையை மெல்லத் திறந்தார். உள்ளங்கையில் கடிகாரத்து பேட்டரி.

"உன் செருப்புச் சத்தம் கேட்டதும் இதைப் போட்டுடுவேன். அவ தூங்கினதும் நேரத்தைச் சரி பண்ணி வெச்சுடுவேம்மா," என்றார் தணிந்த குரலில். "ஆறு ஆயிட்டா உன்னைக் காணோம்னு அழ ஆரம்பிச்சுடுறா. அதான், நீ வர்ற வரைக்கும் இந்த வீட்ல ஆறு ஆக விடுறதில்ல."