முழுப் பாட்டு

“பாட்டு வந்தா கடைசி வரைக்கும் கேக்கணும்ப்பா. பாதியில பீடி பத்தவைக்க எழுந்து போயிடாத.”

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிறுத்தத்தில் அப்பாவின் வண்டியை விட்டு இறங்கியபடி ஹெலினா சொன்னாள். “உன் பாட்டுக்கு ஒரு கட்டு பீடி ஆவும்போல கீதே” என்றார் பிரகாசம்.

அவள் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும் அவளுக்கு. மாதா கோயில் பாடல்குழுவில் அதைக் கேட்பதற்காகவே அவளைச் சீண்டுவார்கள்.

அன்று டியூஷன் விட்டுத் திரும்பும்போது தண்ணீர் லாரி மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். பதினாறு வயது.

அவள் பாடியது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு படத்துக்கு. கோயிலில் அவள் பாடியதைக் கேட்ட ஒலிப்பதிவாளர் ஸ்ரீநாத்தான் கூப்பிட்டிருந்தார். “டிராக் பாடினேன்” என்று வந்து சொன்னாள். டிராக் என்றால் என்னவென்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பிள்ளை சினிமாவில் பாடிவிட்டது, அவ்வளவுதான் தெரியும்.

மழைக்காலம் முடிந்து, படத்துக்கு முன்னாலேயே அந்தப் பாட்டு மட்டும் சிங்கிளாக வெளியானது. போஸ்டரில் வேறொரு பெண்ணின் படமும் பெயரும் இருந்தன. பிரகாசம் லேத் பட்டறைக்கு வெளியே வந்து ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டார்.

“டிராக்னா மாதிரிக்குப் பாடுறது சார். அதக் கேட்டுட்டு அப்புறம் பேர் உள்ள சிங்கர் வந்து பாடுவாங்க. பாப்பா குரல பாட்டுலேர்ந்து மொத்தமா எடுத்தாச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“எடுத்தது எங்கயாச்சும் கீதா?”

“அதெல்லாம் அழிச்சிருப்பாங்க சார்.”

வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி ஜெசிந்தா வாசலில் தெருசனத்தில் பாதியைக் கூட்டி வைத்திருந்தாள். “இதுல எங்க ஹெலினா கீறா” என்று போனைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்து வீட்டு லத்தீஃபா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரகாசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் கஜபதி பாட்டைச் சத்தமாகப் போட்டான். “உன் பொண்ணு பாட்டு மாமே. என் புள்ளைங்க ரெண்டும் இதத்தான் பாடிகினு கீதுங்க.” அவர் தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார்.

வீட்டிலும் அது தினமும் ஓடியது. ஜெசிந்தா உட்கார்ந்து கேட்கிறாளா என்றால் அதுவும் இல்லை. பாத்திரம் தேய்ப்பாள், துணி மடிப்பாள், லத்தீஃபாவோடு கதை பேசுவாள். முடியப்போகும் நேரத்தில் மட்டும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போன் அருகே வந்து நிற்பாள். மறுபடி போடத்தான் வருகிறாள் என்று பிரகாசம் நினைத்துக்கொண்டார். யாரோ ஒருத்தியின் குரல் தொடங்கியதுமே அவர் பீடிக்கட்டோடு தெருமுனைக்குப் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை லத்தீஃபா சேதி கொண்டுவந்தாள். “நாளைக்கு முகப்பேர்ல ஏதோ ஸ்கூல் விழாவாம். போஸ்டர்ல இருக்கிற பொண்ணு வந்து நம்ம ஹெலினா பாட்ட மேடையில பாடுதாம்.”

ஜெசிந்தா பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தாள். “நான் போய் அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த பேசணும்.”

பிரகாசம் புடவையைப் பார்த்தார். அத்தனை பேர் நடுவே போய், இது என் மகள் குரல் என்று நிற்பாள். அவர்கள் சிரிப்பார்கள். இல்லையென்றால் உண்மையைச் சொல்லி அனுப்புவார்கள். லத்தீஃபா போகட்டும் என்று காத்திருந்தார்.

“போவாத ஜெசி.”

“ஏன், உங்களுக்கு இன்னா?”

“அது நம்ம புள்ள குரல் இல்ல. வேற பொண்ண வெச்சுப் பாடிட்டாங்க. நம்ம புள்ளயோடத மொத்தமா எடுத்துட்டாங்களாம். எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அழுவாள், தன்னை நாலு சாத்து சாத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் புடவையை மடிப்புக் குலையாமல் கட்டிலில் வைத்தாள்.

“எனக்கும்தான் அன்னிக்கே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? எவளோ பாடுறா.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

பிரகாசம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “தெரிஞ்சுகினே எதுக்குப் போற?”

“மேடையில மியூசிக்க போட்டுப் பாடுறப்ப ஒண்ண மட்டும் கட் பண்ணிடாதம்மான்னு சொல்ல.”

“எத?”

ஜெசிந்தா போனில் பாட்டைப் போட்டாள். குரல் தொடங்கியதும் அவர் கால் தானாக எழுந்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. பீடி எங்கயும் ஓடிடாது.”

பல்லவி, சரணம், நடுவில் பிள்ளைகளின் கைதட்டல், மறுபடி பல்லவி. அந்தப் பெண் நன்றாகத்தான் பாடியிருந்தாள். இசை நின்றது. முடிந்துவிட்டது என்று அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

அப்போது போனுக்குள் யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு. அதன் கடைசியில் ஒரு விக்கல்.

“இத மட்டும் எடுக்க மறந்துட்டாங்க.”