உரியும் பெயின்ட்

"மறுபடியும் உரிஞ்சிருக்கு, வந்து பார்!"

பனிக்காலத்தில் மட்டும் காரில் மாட்டுவதற்காகக் கார் ஷெட்டில் அடுக்கி வைத்திருந்த குளிர்கால வீல்களில் மேலே இருந்ததை இர்மேலி விரலால் தேய்த்துக் காட்டினாள். பெயின்ட் செதில் செதிலாகக் கையோடு வந்தது.

அவள் கணவன் தபானி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தக் குவோப்பியோ ஊர் ரோடு முழுக்க உப்பைக் கொட்டி வச்சிருக்கான். பனி கரையணும்ல? உரியத்தான் செய்யும்."

"பக்கத்து வீட்டு வண்டியும் அதே உப்புலதானே ஓடுது? அவங்க வீல் பளபளன்னு இருக்கு. பவுடர் கோட்டிங் பண்ணியிருக்காங்க."

"பவுடர் எதுக்கு? ரெய்னோ பெயின்ட் அடிச்சுக் கொடுப்பார்."

அந்தப் பெயரைக் கேட்டாலே இர்மேலிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரெய்னோ அதே தெருக்காரர். பஸ் டிப்போவில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆவ்னே இறந்ததிலிருந்து யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இர்மேலி ஒருமுறை ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கதவு மட்டும் திறக்கவே இல்லை. குளிரில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவ்வளவு திமிர் பிடித்த மனிதருக்கு வருஷா வருஷம் வீலை உருட்டிக்கொண்டு போய்க் கொடுப்பானேன்?

"அந்த ஆளு வேணும்னே மட்டமா அடிக்கிறான், தபானி. உரிஞ்சாத்தானே அடுத்த வருஷமும் நீ போய் நிப்பே?"

"ரெய்னோ அப்படிப்பட்டவர் இல்ல."

"நீதான் மெச்சிக்கணும். நாலு வீலுக்குப் பெயின்ட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நாள் கணக்கா அங்கேயே கிடக்கறே. என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்? பாட்டில் ஏதாவது ஓடுதா?"

"ப்ரைமர் காயணும். அப்புறம் கலர் காயணும். அதுக்கு மேல மேல்பூச்சு காயணும். அவசரப்பட்டா நிக்காது."

"அவசரப்படாமலும்தான் நிக்கலையே!"

தபானி காபி போடப் போய்விட்டான். வசமாக மாட்டிக்கொண்டால் அவன் எப்போதும் செய்வது அதுதான்.

இர்மேலி விடுகிற ஆளா? மறுநாள் அந்த வீலை டிக்கியில் போட்டுக்கொண்டு நேரே பவுடர் கோட்டிங் பட்டறைக்குப் போனாள்.

"டயரைக் கழட்டி, பழைய பெயின்டை மொத்தமா எடுத்துட்டு, பவுடரைத் தூவி அடுப்புல வச்சுச் சுட்டுடுவோம்" என்றாள் பட்டறைக்காரி ஹெல்யா. "பத்து வருஷத்துக்கு நீங்க அதைத் திரும்பிப் பார்க்க வேணாம்."

"அப்போ வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சுக் கொடுக்கறவன் ஏமாத்துக்காரன்தானே?"

ஹெல்யா வீலை வெளிச்சத்தில் திருப்பினாள். "அவரை ஏன் சொல்றீங்க? நல்லாத்தான் அடிச்சிருக்கார். உப்பால உரிஞ்சா கொப்புளம் கொப்புளமா வரும். இது கோடு கோடா இருக்கு. யாரோ ஸ்க்ரூடிரைவர் மாதிரி எதையோ வச்சு நெம்பி விட்டிருக்காங்க."

அடப்பாவி! நல்லா அடிக்கவும் அடித்துவிட்டு, அடுத்த வேலைக்கு அவனே வந்து சுரண்டிவிட்டுப் போகிறானா? அந்தத் தெருவில் கார் ஷெட்டை யார் பூட்டுகிறார்கள்! எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழையலாமே.

இர்மேலி வீலைத் திருப்பிக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். தபானியிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிக் கிளம்பினாள். தெருமுனை வரை போனவள் பின்பக்கமாகத் திரும்பி வந்து, ஷெட் சுவரோடு ஒட்டி நின்றாள்.

உள்ளே சர்க், சர்க் என்று சத்தம்.

"மாட்டினியா!" என்று கதவைத் தள்ளித் திறந்தாள்.

வீலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தது தபானி.

"நீயா? உனக்கென்ன பைத்தியமா? நல்ல பெயின்டை எதுக்குச் சுரண்டறே?"

தபானியின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"நான் என்ன பண்றது, இர்மேலி? அந்த மனுஷன் அடிச்சா லேசுல உரியவே மாட்டேங்குது."

"உரியலைன்னா சந்தோஷப்படு!"

"உரியலைன்னா எதைச் சொல்லி அவர் கதவைத் தட்டறது? சும்மா போனா யாருக்கும் திறக்க மாட்டார், உனக்கே தெரியும். வீல் உரிஞ்சு போச்சுன்னா மட்டும் திறப்பார். 'எப்படிய்யா வண்டி ஓட்டறே'ன்னு என்னைத் திட்டிக்கிட்டே திறப்பார். ஒவ்வொரு பூச்சும் காயற வரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிப்போம். போன வருஷம் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆவ்னே பேரையே முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னார்."

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"பவுடர் அடிச்சுட்டா பத்து வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு யார் போறது, சொல்லு?"

அந்த மனிதரை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று இர்மேலிக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஓரத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்த நாலாவது வீலைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு உரிஞ்சு ஒண்ணு மட்டும் புத்தம் புதுசா இருந்தா அவருக்குச் சந்தேகம் வராதா? ஸ்க்ரூடிரைவரை இப்படிக் கொடு."